இடது பட்டனில் ஒரு பொட்டு

செப்டம்பர் 9, திங்கள்

பேரிங் கம்பெனிக்காரர்கள் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி இது. எட்டு மாதமாக பீரோவுக்குள் தூங்கியது. இதில் பால் கணக்கு எழுதப் போகிறேன் என்று கெத்சியாள் இரண்டு முறை மிரட்டிவிட்டாள். இன்று அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன். காரணம் இருக்கிறது. இன்று முதல் நான் ஃபோர்மேன்!

பதினைந்து வருஷமாக இன்ஸ்பெக்‌ஷன் அறையில் உட்கார்ந்து, பட்டறையிலிருந்து வரும் தகட்டுத் துண்டுகளை அளந்து பார்த்து, சரி, சரியில்லை என்று பிரித்துப் போட்டவன். கன்னியப்பன் ரிட்டயர் ஆனதும் முதலாளி கோதண்டபாணி என்னைக் கூப்பிட்டார். சாவிக்கொத்தை மேஜை மேல் வைத்தார்.

"ஒபேத், நீங்க கிறிஸ்துவங்க. பழைய இரும்பை ராத்திரியில வெளியே தள்ள மாட்டீங்க. அதான் உங்களைப் போடறேன்."

சந்தோஷமாகத்தான் இருந்தது. நான் ஞானமுத்துவின் மகன் ஒபேத் என்பதற்காக இல்லாமல், நான் சார்ந்த சபைக்காகக் கிடைத்த சாவி. அதை நினைத்தபோது முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது. வீட்டில் சொன்னபோது கெத்சியாள், "அப்போ உங்களுக்கு வேலை தெரியும்னு கொடுக்கலையா?" என்று கேட்டாள். இவளிடம் ஒரு விஷயம் சொல்ல முடியாது.

செப்டம்பர் 10, செவ்வாய்

அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் பட்டறை சின்னதுதான். நாலு பிரஸ் மிஷின். அதில் நூறு டன் மிஷினைப் பையன்கள் 'பெரியவர்' என்பார்கள். அடியில் தகட்டை வைத்தால் மேலிருந்து இறங்கி ஒரே அடியில் வளைத்துக் கொடுத்துவிடும். கார் சீட்டுக்கு அடியில் போகும் பிராக்கெட்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் பெரியவர் ஒருவருடைய இரண்டு விரலை வாங்கிவிட்டது. அதற்குப் பிறகுதான் இரண்டு பட்டன் வைத்தார்கள். வலது கையால் ஒன்று, இடது கையால் ஒன்று, இரண்டையும் சேர்த்து அமுக்கினால்தான் மிஷின் இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் உள்ளே மாட்ட கை ஏது? நல்ல ஏற்பாடு.

பெரியவரை ஓட்டுகிறவர் தணிகாசலம். என்னைவிட நாலு வயது மூத்தவர், திருவள்ளூர் பக்கம். இன்று டீ நேரத்தில் என் கேபினுக்கு வந்து வாசலிலேயே நின்றார்.

"சார், ஒண்ணு கேட்டா தப்பா நினைக்கக் கூடாது."

"கேளுங்க."

"ஆயுத பூஜைக்கு ஃபோர்மேன்தான் கற்பூரம் காட்டணும். கன்னியப்பன் அண்ணன்தான் காட்டுவாரு. பெரியவருக்குப் பொட்டு வச்சு, பூசணிக்கா சுத்தி உடைக்கிறதும் அவருதான். இந்த வருஷம் இன்னா பண்றது?"

எனக்கு வாயில் டீ. விழுங்கிவிட்டு, "இன்னும் ஒரு மாசம் இருக்கே, பார்க்கலாம்" என்றேன்.

"பாருங்க சார். ஆனா பூஜை நிக்கக் கூடாது. இது கை வாங்குன மிஷினு."

செப்டம்பர் 12, வியாழன்

இன்ஸ்பெக்‌ஷன் அறையிலிருந்து பார்த்தபோது தெரியாத விஷயங்கள் எல்லாம் இப்போது தெரிகின்றன. எந்த மிஷினைப் பார்த்தாலும் சந்தனம் குங்குமம். போன வருஷத்துப் பூஜையில் வைத்ததாம். பெரும்பாலும் எண்ணெய் பட்டு, கை பட்டு, கரைந்து வெறும் கறையாக இருக்கிறது. பரவாயில்லை, பார்க்காதபடி நடந்துவிடலாம்.

ஆனால் பெரியவரின் இடது பட்டனில் ஒரு பொட்டு இருக்கிறது. முழு வட்டம்! கொஞ்சம் மங்கல், அவ்வளவுதான். சந்தனத்துக்கு நடுவில் குங்குமம் அப்படியே நிற்கிறது. வலது பட்டனில் அந்த அடையாளமே இல்லை.

யாரோ தினமும் புதிதாக வைக்கிறார்கள். நான் கிறிஸ்தவன் என்று தெரிந்து, வேண்டுமென்றே.

நான் போய் நின்றபோது தணிகாசலம் ஒழுங்காக இரண்டு கையையும் பட்டன் பக்கம் வைத்துத்தான் ஓட்டினார். வேலையில் குறை சொல்ல முடியாது.

செப்டம்பர் 15, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் செல்வின் ஆயரைப் பிடித்துக்கொண்டேன். அவர் பின்னால் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் பிஸ்கட்டுக்காக வரிசையில் நின்றார்கள். விஷயத்தைச் சொன்னேன். கற்பூரத் தட்டைத் தொடலாமா, தொடாமல் நிற்கலாமா, நிற்காமல் லீவு போடலாமா?

"லீவு போடாதே தம்பி, அது ஓடி ஒளியறது. நில்லு, மரியாதையா நில்லு. தட்டைத் தொடாதே. பொட்டு வைக்காதே. அவங்களைக் கேலியும் பண்ணாதே."

"பொரி கொடுத்தா?"

ஆயர் பிள்ளைகளின் வரிசையைத் திரும்பிப் பார்த்தார். "உனக்குப் பொரி பிடிக்குமா?" என்றார். பிறகு பிஸ்கட் டப்பாவைத் திறக்கப் போய்விட்டார். இது பதிலா, கேள்வியா என்று வழி முழுக்க யோசித்துக்கொண்டு வந்தேன்.

செப்டம்பர் 17, செவ்வாய்

என் கேபினில் கண்ணாடிக்கு மேலே ஒரு வசன அட்டை ஒட்டினேன். கர்த்தர் காக்கிறார் என்கிற கருத்தில், பூப்படம் போட்டது. தணிகாசலம் வந்து எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "நல்லாக்கீது சார். பெரியவர் மேலயும் ஒண்ணு ஒட்டுங்களேன். எதுக்கும் இருக்கட்டும்" என்றார்.

கேலியா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, நிஜமாகவே சொன்னார். என்ன மனிதர் இவர்!

செப்டம்பர் 20, வெள்ளி

இன்று எல்லோருக்கும் முன்னால் போய்விட்டேன். பொட்டு வைக்கிற ஆளைக் கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்றுதான். வெள்ளிக்கிழமை கண்டிப்பாக வைப்பார்கள்.

பெரியவருக்குப் பின்னால், தகட்டுக் கட்டுகளுக்கு நடுவில் நின்றேன். கொசு பிடுங்கியது. தணிகாசலம் வந்தார், செருப்பைக் கழற்றினார், தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார். மேலே பார்த்து வாய்க்குள் ஏதோ சொன்னார். சரி, இப்போது வைப்பார் என்று எட்டிப் பார்த்தேன். சட்டைப் பையிலிருந்து குங்குமம் எதுவும் எடுக்கவில்லை. என்னைத்தான் பார்த்துவிட்டார்.

"அய்யோ! இன்னா சார், அங்க நிக்கிறீங்க?"

"ஸ்டாக் பார்த்தேன்."

"இருட்டுலயா?"

நேராகக் கேபினுக்கு வந்துவிட்டேன். ஃபோர்மேன் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம்.

செப்டம்பர் 21, சனி

கேஸ் சிலிண்டர் வந்தது. பாடகர் குழுப் பயிற்சிக்குப் போகவில்லை, தொண்டை சரியில்லை.

கெத்சியாளிடம் பொட்டு விஷயத்தைச் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "பக்கத்து வீட்டு அக்கா காலையில வைக்கிற குங்குமம் வேர்வையில மத்தியானத்துக்குள்ள கலைஞ்சு போவுது. உங்க பட்டறையில மட்டும் எப்படிங்க நிக்குது?" என்றாள்.

"அதான் யாரோ புதுசா வைக்கிறாங்கங்கிறேன்."

"வச்சா ரெண்டுலயும்தானே வைப்பாங்க? ஒண்ணுல மட்டும் எவன் வைப்பான்?"

இவளுக்குப் பட்டறையைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்தேன். ஆனால் சாப்பிடும்போதும் அந்தக் கேள்வி போகவில்லை.

செப்டம்பர் 24, செவ்வாய்

நேராகவே கேட்டுவிட்டேன். "தணிகாசலம், அந்த இடது பட்டன்ல தினமும் பொட்டு வைக்கிறது நீங்கதானே?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "நானா? எனக்கு அதுதான் வேலையா? அது போன பூஜைக்குக் கன்னியப்பன் அண்ணன் வச்சது சார்."

"பதினோரு மாசமாவா அப்படியே இருக்கு?"

சிரிப்பு அப்படியே நின்றது. பனியனில் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார். "டை சூடாயிடும் சார்" என்று சொல்லிக்கொண்டே மிஷினுக்குப் போய்விட்டார். மிஷின் அப்போது ஓடவே இல்லை. தகட்டை வளைக்கிற அச்சுதான் டை, அது எங்கே சூடாகும்?

செப்டம்பர் 25, புதன்

அவர் முகம் ஏன் அப்படி மாறியது?

செப்டம்பர் 27, வெள்ளி

காலையில் கெத்சியாளின் முகப் பவுடரில் கொஞ்சம் தாளில் மடித்து எடுத்துப் போனேன். தணிகாசலம் டீ குடிக்கப் போன நேரத்தில் பெரியவரின் இரண்டு பட்டன் மேலும் லேசாகத் தூவினேன். கேரம் போர்டு மாதிரி மெல்லிய பூச்சு, பார்த்தால் தூசி என்றுதான் தோன்றும்.

சாயந்திரம் போய்ப் பார்த்தேன். இன்றைக்கு மட்டும் எண்ணூறு பீஸ்களுக்கு மேல் அடித்திருக்கிறார். வலது பட்டன் துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது. இடது பட்டன் மேல் பவுடர் அப்படியே இருந்தது. அதற்கு அடியில் பொட்டும் அப்படியே.

பட்டனைச் சுற்றி ஓர் இரும்பு வளையம் உண்டு. அந்த வளையத்தின் மேல் மட்டும் விரல் தடம் நிறைய.

வீட்டுக்கு வந்ததும் கெத்சியாள் என் சட்டைப் பையில் பவுடர் தாளைக் கண்டுபிடித்து, "யாருக்கு இது?" என்று இடுப்பில் கை வைத்து நின்றாள். மிஷினுக்கு என்றேன். நம்பவில்லை. குடிதண்ணீர் கேன் தீர்ந்துவிட்டது, நாளைக்குச் சொல்ல வேண்டும். இரண்டு கேன்.

செப்டம்பர் 28, சனி

எழுத ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 30, திங்கள்

எனக்குப் பசி இல்லை, அவ்வளவுதான். பயம் கியம் எல்லாம் இல்லை. கெத்சியாள்தான் பயம் என்று சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

அக்டோபர் 2, புதன்

காந்தி ஜெயந்தி, பட்டறை லீவு. சாவி என்னிடம் இருக்கிறது. போனேன்.

பெரியவருக்கு கரண்ட் கொடுத்தேன். அடியில் ஓர் அட்டைப் பெட்டித் துண்டை வைத்தேன். இடது கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். வலது பட்டனை மட்டும் அமுக்கினேன்.

இறங்கியது. தரை அதிர்ந்தது. அட்டை இரண்டாகப் போய்விட்டது.

கரண்டை நிறுத்திவிட்டு இடது பட்டனின் பெட்டியைத் திறந்தேன். பட்டனுக்குப் போக வேண்டிய இரண்டு ஒயரையும் ஒன்றோடொன்று முறுக்கி, மேலே கறுப்பு டேப் சுற்றி வைத்திருக்கிறார்கள். பட்டன் சும்மா உட்கார்ந்திருக்கிறது. இனிமேல் புரியாமல் இருக்க முடியாது. வலது கையால் அமுக்கிக்கொண்டே இடது கையால் தகட்டைத் தள்ளுகிறார் தணிகாசலம். ஒவ்வொரு அடிக்கும் அவர் விரல் உள்ளே போய் வருகிறது. நான் பக்கத்தில் போனால் மட்டும் இடது கையை வளையத்தின் மேல் வைத்துக்கொள்கிறார். அதைப் பார்த்துத்தான் ஒழுங்கான ஆள் என்று இந்த டைரியில் எழுதியிருக்கிறேன்.

பொட்டை நான் வைக்கலாமா கூடாதா என்று எத்தனை நாள் ஜெபித்தேன்! அது ஏன் அழியவில்லை என்று கீரை ஆய்கிறவள் கேட்டாள். எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. வெட்கமாக இருக்கிறது.

அக்டோபர் 3, வியாழன்

முதலாளியிடம் சொன்னேன். கதவைச் சாத்தச் சொன்னார்.

"கன்னியப்பன் ஆறு வருஷமா அப்படித்தான் ஓட்ட விட்டான். ஒண்ணும் ஆகல."

"ஆகறதுக்கு முன்னாடி சரி பண்ணிடலாம் சார்."

"ரெண்டு கையில ஓட்டினா நாளைக்கு இருநூறு பீஸ் குறையும். குறைஞ்சா அந்த ஆர்டர் பக்கத்துப் பட்டறைக்குப் போயிடும். இங்க முப்பது குடும்பம் சாப்பிடுது ஒபேத். அதையும் உங்க ஜெபத்துல சேர்த்துக்கோங்க." பேனாவை உருட்டினார். "நீங்க திருட மாட்டீங்கன்னுதான் சாவி கொடுத்தேன். எனக்குப் பிரசங்கம் பண்ண இல்ல. பூஜை நல்லபடியா முடியட்டும். டிசம்பர்ல பார்க்கலாம்."

முப்பது குடும்பம் என்றது பொய் இல்லை. அதுதான் தொந்தரவு. நான் "சரி சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

அக்டோபர் 4, வெள்ளி

தணிகாசலத்துக்கு விஷயம் போய்விட்டது. சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். திறக்கவில்லை.

"போட்டுக் கொடுத்துட்டீங்களா சார்?"

"உங்களை இல்ல. மிஷினை."

"ரெண்டும் ஒண்ணுதான். பீஸ் குறைஞ்சா என்னைத்தானே கேப்பாரு?"

"விரல் போனா?"

அவர் இடது கையை மேஜை மேல் விரித்து வைத்தார். ஐந்து விரலும் இருந்தன. அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன்.

"எனக்குத் தெரியாதா சார்? அன்னிக்கு மாட்டுன ஆளோட ரெண்டு விரலை தகட்டு மேலேருந்து எடுத்து துணியில சுத்துனது நான்தான். காலையில சாமி கும்பிடாம கை உள்ள வைக்க மாட்டேன். வீட்டுக்குப் போனா என் பொண்ணு முதல்ல கையத்தான் பார்க்கும். அதான் சொல்றேன், பூஜை நிக்கக் கூடாதுன்னு. உங்களுக்கு அது விளையாட்டா இருக்கலாம்."

"விளையாட்டா இல்ல" என்றேன். ஒரு மாதமாக இவர் என்னைச் சோதிக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பாவம், மனிதர் பயந்து போய்க் கேட்டிருக்கிறார். டிபன் பாக்ஸைத் திறக்கச் சொன்னேன். காரக்குழம்பு. எனக்கும் கொஞ்சம் ஊற்றினார்.

அக்டோபர் 6, ஞாயிறு

ஆராதனையில் ஜெபக் குறிப்பு சொல்லச் சொன்னார்கள். எழுந்து நின்றேன். "வேலை இடத்துக்காக" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டேன். சபையார் எல்லோரும் எனக்கு இன்னொரு பதவி உயர்வுக்காக ஜெபித்தார்கள் என்று நினைக்கிறேன்.

வீட்டுக்கு வரும் வழியில் கெத்சியாள் கேட்டாள். "ஜெபம் பண்ணியாச்சு, சரி. நாளைக்கு என்ன செய்யப் போறிய?"

"சாவி போயிடும் கெத்சி."

"போனா டைரியை எனக்குக் கொடுத்திருங்க. பால் கணக்கு எழுதணும்."

அக்டோபர் 7, திங்கள்

எலக்ட்ரீஷியன் சம்பந்தத்திடம் தனியாகப் பேசினேன். ஆயுத பூஜை அன்றைக்கு மிஷின் எல்லாம் நிற்குமே, அப்போது அந்த ஒயரைப் பிரித்து மாட்டிவிடலாமா?

பதறிவிட்டார். "பூஜையில வச்ச டூல்ஸை எடுக்கவே கூடாது சார். ஸ்க்ரூ டிரைவர்லேருந்து எல்லாம் சாமி முன்னாடி இருக்கும். விஜயதசமி அன்னிக்குத்தான் எடுப்போம். முதலாளி சொல்லாம நான் தொடவும் மாட்டேன்."

பூஜைக்கு முந்தின நாள், வியாழக்கிழமை, மிஷின் எல்லாம் நிறுத்திக் கழுவுவார்கள். அதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டேன். அதற்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. தணிகாசலத்தின் மேல் ஒரு கண் வைத்துக்கொண்டு பெரியவர் பக்கத்திலேயே நின்றேன். நான் நின்றால் அவர் இடது கை வெளியே இருக்கும். பீஸ் குறைந்தது. யாரும் கேட்கவில்லை.

அக்டோபர் 9, புதன்

மூன்று நாளாக நின்றதில் கணுக்கால் வீங்கிவிட்டது. கெத்சியாள் உப்புத் தண்ணீர் வைத்துக் கொடுத்தாள்.

அக்டோபர் 10, வியாழன்

பட்டறை முழுக்க மண்ணெண்ணெய் வாசனை. ஆளாளுக்கு துணியோடு மிஷினைத் தேய்த்தார்கள். முதலாளி பொரி, பூ, பூசணிக்காய் வாங்க சம்பந்தத்தைக் கூட்டிக்கொண்டு கோயம்பேட்டுக்குப் போயிருந்தார்.

மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டினேன். சாவியைப் பையில் போட்டுக்கொண்டேன். பெரியவர் முன்னால் தரையில் உட்கார்ந்து இடது பெட்டியைத் திறந்தேன். தணிகாசலம் மேலே ஏறித் துடைத்துக்கொண்டிருந்தவர், துணியை நிறுத்திவிட்டுப் பார்த்தார். டேப்பைப் பிரிக்க நகம் போதவில்லை. எனக்கு அளக்கத்தான் தெரியும், ஒயர் வேலை பழக்கம் இல்லை.

அவர் இறங்கி வந்தார். சம்பந்தத்தின் பெட்டியிலிருந்து ஒரு கட்டிங் பிளையரை எடுத்து என் கையில் வைத்தார். நான் ஒயரை மாட்டி முடிக்கும்வரை டார்ச் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு பெட்டியை மூடி, அந்தப் பழைய பொட்டை மண்ணெண்ணெய்த் துணியால் அவரே துடைத்தார்.

"நாளைக்குப் புதுசா வைக்கணும்ல" என்றார்.

கரண்ட் கொடுத்துச் சோதித்துப் பார்த்தோம். ஒரு கைக்கு அசையவில்லை. இரண்டு கைக்கு இறங்கியது.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. வாழைக்கன்று கட்டி, கலர் தாள் ஒட்டி, பட்டறை கல்யாண வீடாக இருந்தது. கற்பூரத் தட்டை முதலாளி என்னிடம்தான் நீட்டினார். எல்லோரும் பார்த்தார்கள்.

"எங்க முறையில இது இல்லைங்க சார். தணிகாசலம் காட்டட்டும். நான் கூட நிக்கிறேன்" என்றேன். இதைச் சொல்லவா ஒரு மாதம் பயந்தேன்? தணிகாசலம் சட்டையைச் சரிசெய்துகொண்டு தட்டை வாங்கினார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்றேன். அவர் பெரியவருக்கு மாலை போட்டார், இரண்டு பட்டனுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார். இடது பட்டனுக்கு வைக்கும்போது திரும்பி என்னை ஒரு தரம் பார்த்தார்.

பொரி கொடுத்தார்கள். சாமிக்குப் படைக்காத மூட்டையிலிருந்து தனியாக எடுத்துப் பொட்டலம் கட்டி, என் பெயரை எழுதி வைத்திருந்தார் தணிகாசலம். நான் கேட்கவே இல்லை. வழியிலேயே தின்று தீர்த்துவிட்டேன்.

அக்டோபர் 12, சனி

விஜயதசமி. முதல் அடியை ஃபோர்மேன் போட வேண்டும் என்பது பட்டறை வழக்கம். அதில் எனக்குத் தடை இல்லை, அது வேலை. எல்லோரும் சுற்றி நின்றார்கள். முதலாளி வீட்டம்மாவும் வந்திருந்தார்.

வலது கை தானாக முதலில் போய்விட்டது. அமுக்கினேன். பெரியவர் அசையவில்லை.

"அய்யய்யோ, முதல் அடியே நின்னுடுச்சே" என்று யாரோ சொன்னார்கள். முதலாளி வீட்டம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். முதலாளி மட்டும் மிஷினைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"ஒண்ணும் ஆகல. ஒரு கைக்கு இறங்காது, அவ்வளவுதான். இனிமே யாருக்கும் இறங்காது" என்று சத்தமாகச் சொன்னேன். இரண்டு கையையும் வைத்து அமுக்கினேன். இறங்கி, ஒரு பிராக்கெட்டை அழகாக வளைத்துக் கொடுத்துவிட்டு ஏறியது. கைதட்டினார்கள்.

முதலாளி கேபினில் மூன்றே வார்த்தைதான் சொன்னார். "திங்கட்கிழமை சாவியைக் கொடுத்துடுங்க."

வீட்டில் கெத்சியாள் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "தட்டையே தொடலைன்னிய. ரெண்டு உள்ளங்கையும் சிவந்து கிடக்குது?"

பட்டனில் வைத்த குங்குமம் என்று நடந்ததைச் சொன்னேன். வலது கை தானாகப் போனதையும் சொன்னேன்.

"தானாவா?" என்றாள்.

அக்டோபர் 13, ஞாயிறு

சோப்பு போட்டுத் தேய்த்தும் ரேகைக்குள் இருந்த சிவப்பு முழுதாகப் போகவில்லை. இன்று இராப்போஜனம், சபையில் அப்பம் வாங்கும் நாள். முழங்கால் போட்டு இரண்டு கையையும் ஏந்தினேன். செல்வின் ஆயர் அப்பத்தை எடுத்தவர், என் உள்ளங்கையைப் பார்த்துக் கொஞ்சம் நின்றார். நான் கையை மடக்கவில்லை. வைத்துவிட்டு அடுத்தவரிடம் போனார்.

வாசலில் கைகுலுக்கும்போது, "பொரி சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

"சாப்பிட்டேன்."

அக்டோபர் 14, திங்கள்

சாவியைக் கொடுத்தேன். பழையபடி இன்ஸ்பெக்‌ஷன் அறை. அதே நாற்காலி, அதே ஆட்டம் காணும் கால். வேலையை விட்டே அனுப்பாதது பெரிய காரியம் என்று வெளியே சொல்லிக்கொண்டேன். உள்ளுக்குள் வலித்தது. வசன அட்டையை எடுக்கப் போனபோது அது கேபினில் இல்லை.

ஒயரை மறுபடி முறுக்கிவிடுவார்கள். ஐந்து நிமிஷ வேலை. இதற்கா இவ்வளவும் என்று நினைத்தால் ஆற்றாமையாக இருக்கிறது.

அக்டோபர் 16, புதன்

சம்பந்தம் மீட்டர் ரிப்பேர் என்ற சாக்கில் என் அறைக்கு வந்தார். கதவுக்கு வெளியே ஒரு தடவை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

நேற்று முதலாளி அவரைக் கூப்பிட்டுப் பெரியவரின் இடது பெட்டியைப் பிரிக்கச் சொல்லியிருக்கிறார். அவர் ஸ்க்ரூ டிரைவரோடு போயிருக்கிறார். தணிகாசலம் பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டாராம்.

"பூஜை போட்ட பட்டன். விஜயதசமி அன்னிக்கு ரெண்டு கைக்குத்தான் இறங்குனுச்சு, ஊரே பார்த்துது. சாமி ஒத்துக்கின மாதிரி ஓடட்டும். பிரிக்கக் கூடாது" என்றாராம்.

முதலாளி கத்தியிருக்கிறார். மற்ற மூன்று மிஷின்காரர்களும் கையை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார்களாம். தணிகாசலம் கடைசியாக ஒன்று சொல்லியிருக்கிறார். "பிரிங்க முதலாளி. பிரிச்சுட்டு முதல் அடி நீங்க போடுங்க. இடது கை உள்ள வச்சுப் போடுங்க."

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் என்ன, முதலாளி போயிட்டாரு. நானும் வந்துட்டேன். பூஜை போட்டதை நான் எப்படி சார் பிரிக்கிறது?"

பீஸ் குறைந்ததற்கு முதலாளி என்ன செய்யப் போகிறார் என்று கேட்டேன். சாயந்திரம் இரண்டு மணி நேரம் கூட ஓட்டச் சொல்லியிருக்கிறாராம், கூடுதல் சம்பளத்தோடு. ஆர்டர் இன்னும் இங்கேதான் இருக்கிறது.

அக்டோபர் 21, திங்கள்

சாம்பிள் எடுக்கும் சாக்கில் பட்டறைக்குள் போனேன். தணிகாசலம் ஓட்டிக்கொண்டிருந்தார். நான் வந்ததை அவர் கவனிக்கவில்லை. இரண்டு கையும் ஒரே நேரத்தில் போயின, வந்தன.

பெரியவரின் நெற்றியில், பூஜை மாலைக்குப் பக்கத்தில், என் வசன அட்டை ஒட்டியிருந்தது. பூப்படத்தின் மேல் எண்ணெய் தெறித்திருந்தது.

பட்டனைப் பார்த்தேன். பத்து நாள்தான் ஆகிறது. வலது பட்டனில் பொட்டு இல்லை. இடது பட்டனிலும் இல்லை. இரண்டும் தேய்ந்து, சுத்தமாக, வெறும் பச்சை பிளாஸ்டிக்காக இருந்தன. தகட்டுக் கட்டுகளுக்குப் பின்னால் போய் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"இன்னா சார், மறுபடியும் அங்க நிக்கிறீங்க?" என்று குரல் வந்தது.

"ஸ்டாக் பார்க்கிறேன்" என்றேன்.

நாளை முதல் இந்த டைரி கெத்சியாளுக்கு. பால் இரண்டு பாக்கெட்.